நூலகர் சங்கத்தால் உங்களுக்கு என்ன கிடைத்தது? அனுபவங்களைச் சொல்லுங்கள்

கல்லூரி நூலகர் (பணி ஓய்வு), திருநெல்வேலி

ஒரு கல்லூரியில் பேராசிரியர்கள் ஐம்பது பேர் இருப்பார்கள்; நூலகர் ஒருவர்தான். வணிகவியல்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தால் பக்கத்து நாற்காலியைக் கேட்பார். நூலகர் யாரைக் கேட்பது? அலமாரியைத்தான் கேட்க வேண்டும். இருபத்தொன்பது ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன். சங்கத்தில் ஆயுள் உறுப்பினர் என்று பெயர். போனது மொத்தம் மூன்று கூட்டங்கள். அந்த மூன்றில் ஒன்று என் சம்பளத்தைக் காப்பாற்றியது.

2009ஆம் ஆண்டு. எங்கள் நூலகத்தில் அப்போது சுமார் 31,000 புத்தகங்கள். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு இருப்புச் சரிபார்த்தோம். வந்த புத்தகங்களை வரிசையாக எழுதும் சேர்க்கைப் பதிவேட்டோடு ஒப்பிட்டால் 212 புத்தகங்கள் இல்லை. நிர்வாகம் மெமோ கொடுத்தது: விலை 46,000 ரூபாய், மாதம் இரண்டாயிரம் வீதம் சம்பளத்தில் பிடித்தம். திறந்த அலமாரி முறை, இரண்டு வாசல், ஓர் உதவியாளர், அவரும் பாதி நாள் தேர்வுப் பிரிவில் வேலை பார்ப்பவர் என்றெல்லாம் எழுதிக் கொடுத்தேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

அந்த ஆகஸ்டு 12, நூலகர் தினம். இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் பிறந்தநாளை ஒட்டிச் சென்னையில் கூட்டம். வேறு வேலையாகப் போயிருந்த நான் தலைகாட்டினேன். உரைகள் எதுவும் நினைவில் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு மோருக்கு நின்ற வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர். மத்திய அரசு ஆய்வு நிறுவனம் ஒன்றின் நூலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் 212 என்று ஆரம்பித்ததுமே கையைக் காட்டி நிறுத்தினார்.

"தொலைந்தது இருக்கட்டும் தம்பி. ஒரு வருடத்தில் எத்தனை புத்தகம் கைமாறுகிறது?"

எனக்குத் தெரியவில்லை.

"அது தெரியாமல் இதை மட்டும் எண்ணி வைத்திருக்கிறீர்களே!"

அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதித் தந்தார்: மத்திய அரசின் பொது நிதி விதிகள், 2005, விதி 194. வழங்கப்பட்டதும் எடுத்துப் பார்க்கப்பட்டதுமான ஆயிரம் புத்தகங்களுக்கு ஐந்து வீதம் ஓராண்டில் தொலைந்தால் அது இயல்பான இழப்பு. நேர்மையின்மையோ கவனக்குறைவோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகமும் அரிய புத்தகமும் தொலைந்தால் கட்டாயம் விசாரிக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்ப்பது என்பதும் அதிலேயே இருக்கிறது: 20,000 வரை ஆண்டுதோறும், 20,000 முதல் 50,000 வரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது, அதற்கு மேல் போனால் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துப் பார்த்தால் போதும்.

ஊருக்கு வந்து பதிவேடுகளைக் கூட்டினேன். வீட்டுக்குப் போனவையும் உள்ளேயே படித்தவையும் சேர்த்து ஆண்டுக்கு 18,000 வந்தது. ஆயிரத்துக்கு ஐந்து என்றால் 90. மூன்று ஆண்டுக்கு 270. தொலைந்தது 212.

எங்களுடையது தனியார் கல்லூரி. அந்த விதி எங்களைக் கட்டாது. ஆனாலும் அரசாங்கமே ஒப்புக்கொண்ட அளவுக்குள் இருக்கிறது என்று கணக்கோடு காட்டியதும் பிடித்தத்தை நிறுத்திவிட்டார்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட புத்தகங்கள் மூன்று. இரண்டு, ஒரு மூத்த பேராசிரியர் வீட்டு வரவேற்பறையில் அழகாக அடுக்கியிருந்தன. மூன்றாவதற்கு நான் பணம் கட்டினேன். இன்றுவரை மனம் ஒப்பவில்லை.

பெரியவரின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. அழைப்பிதழ் இருக்கிறது. உங்களுக்கு இப்படி ஏதாவது?

பொறியியல் கல்லூரி நூலகர், கோயம்புத்தூர்

உங்களுக்கு மோர் வரிசை வாய்த்தது. எனக்குச் சால்வை வரிசைதான் வாய்த்தது.

பதினான்கு ஆண்டுகளாக ஒரு சங்கத்தில் உறுப்பினர். அவர்கள் என்னைத் தேடிய சமயங்கள் இரண்டு: சந்தா, தேர்தல். கருத்தரங்கு என்றால் பத்து மணிக்குக் குத்துவிளக்கு, பதினொன்றரை வரை பொன்னாடை, அதன்பின் ஒருவர் திரையில் எழுபது பக்கம் ஓட்டுவார். நூலகர் பணியிடங்கள் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடப்பதைப் பற்றி இரண்டு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. 'நாங்கள் தொழிற்சங்கம் அல்ல, தொழில்முறைச் சங்கம்' என்று நேரில் ஒருவர் விளக்கினார். விளக்கம் சரிதான். ஆளே இல்லாத நூலகத்தில் யாருக்குத் தொழில்முறை கற்றுக்கொடுப்பார்கள் என்று கேட்டேன். மதிய உணவு தயார் என்றார்.

ஊர்ப்புற நூலகர், கடலூர் மாவட்டம்

கோயம்புத்தூர் ஐயா சொன்ன பொன்னாடை வைபவத்தை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

என் நூலகம் ஒரே அறை. திறப்பது, பெருக்குவது, நாளிதழ் கட்டுவது, உறுப்பினர் சேர்ப்பது எல்லாம் நான்தான். 2015 வெள்ளத்துக்கு ஓராண்டு முன்பு ஒரு சங்கம் நடத்திய ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நூல் பாதுகாப்பு என்று தலைப்பு. விடியற்காலை பஸ் ஏறிப் போனதால் பாதி நேரம் தூங்கி வழிந்தேன். முடிகிற நேரத்தில் பாடம் நடத்திய அம்மா தம் கைபேசி எண்ணைக் கரும்பலகையில் எழுதினார்கள். பெயர் அட்டையின் பின்னால் குறித்துக்கொண்டேன்.

டிசம்பரில் முழங்கால் அளவு தண்ணீர். கீழ் இரண்டு தட்டுகளும் ஊறிப் போயின. தண்ணீர் வடிந்ததும் ஊர்க்காரர்கள் நல்ல மனதோடு புத்தகங்களை எல்லாம் மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் பரப்பப் பார்த்தார்கள். எனக்கு அந்த அட்டை நினைவு வந்தது. போன் செய்தேன். என்னை அவர்களுக்கு நினைவில்லை. அதைப் பற்றிக் கவலையும் படவில்லை. "வெயில் வேண்டாம் அம்மா, தாள் முறுகிக்கொள்ளும், அட்டை வளைந்துவிடும். நிழலில் வையுங்கள், மின்விசிறி போடுங்கள். பத்துப் பதினைந்து பக்கத்துக்கு ஒருமுறை அச்சடிக்காத தாளைச் செருகுங்கள், நனைந்ததும் மாற்றுங்கள். வழவழப்பான படப் புத்தகம் இருந்தால் அதை முதலில் கவனியுங்கள். காய்ந்துவிட்டால் பக்கம் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும். இரண்டு மூன்று நாளில் பூசணம் வந்துவிடும். ஆகவே எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்க்காதீர்கள்."

கடைசியாகச் சொன்னதுதான் கடினம். அச்சடிக்காத தாளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகத்தில் கேட்டேன். வெட்டி மிஞ்சிய தாள்களை ஒரு மூட்டை கொடுத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பேர் இரண்டு நாள் உட்கார்ந்து செருகினார்கள். போட்டித் தேர்வுப் புத்தகங்களையும் சிறுவர் புத்தகங்களையும் முதலில் எடுத்தோம். கலைக்களஞ்சியத் தொகுதிகள் சிலவற்றை விட்டுவிட்டோம். பிறகு அவற்றை எடைக்குப் போட அனுமதி வாங்க ஏழு மாதம் ஆனது. அது தனிக்கதை.

பிரதேச சபை நூலகம், யாழ்ப்பாணம்

எங்கள் பக்கத்து அனுபவம் சற்று வேறு. இலங்கை நூலகச் சங்கம் 1960இல் தொடங்கி, 1974இல் சட்டத்தின் மூலம் கூட்டிணைக்கப்பட்டது. எங்களுக்கு அது முதலில் ஒரு பள்ளிக்கூடம். நூலகவியல் டிப்ளோமாவைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நடத்துகிறார்கள். பல்கலைக்கழகம் கிடைக்காத என்னைப் போன்றவர்களுக்கு இந்தத் தொழிலுக்குள் வர அதுதான் வாசல்.

நான் சனசமூக நிலைய வாசிகசாலையில் பேப்பர் விரித்து வைத்துக்கொண்டிருந்தவள். 1981இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் போயின என்பதைச் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள். ஆனால் புத்தகத்துக்கு இலக்கம் ஏன் போடுகிறார்கள் என்று வகுப்புக்குப் போகும்வரை தெரியாது. புத்தகங்களைப் பொருள்வாரியாக இலக்கமிட்டுப் பிரிக்கும் அமெரிக்க முறையான டூயி தசமப் பகுப்பாக்கம் படிப்பித்த சேர், ஒருநாள் புதுமைப்பித்தன் தொகுப்பு ஒன்றைத் தந்து இலக்கம் போடச் சொன்னார். தேடித் தேடி 894.811 என்று எழுதினேன். ஆங்கில இலக்கியத்துக்கு 820 போதும். எங்களுடையது ஆறு இலக்கம், நடுவில் ஒரு புள்ளி; அதன்பிறகுதான் கவிதையா கதையா என்று பிரிக்கத் தொடங்கவே முடியும். முதுகில் ஒட்டும் துண்டில் இடம் போதவில்லை. சேர் சிரித்துவிட்டு, "அமெரிக்காக்காரன் வீடு கட்டினான், எங்களுக்குப் பின்விறாந்தையில் ஒரு மூலை தந்தான்" என்றார். பிறகு கரும்பலகையில் O31 என்று எழுதினார். ரங்கநாதன் உருவாக்கிய கோலன் பகுப்பு முறையில் தமிழ் இலக்கியம் அவ்வளவுதான்.

எங்கள் நூலகத்தில் இன்றும் டூயிதான். நடைமுறைக்கு அது வசதி. ஆனால் துண்டு ஒட்டும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த O31 ஞாபகம் வரும்.

மாவட்ட நூலக அலுவலர் (பணி ஓய்வு), தஞ்சாவூர்

யாழ்ப்பாணத்துச் சகோதரி சொன்ன அந்தக் கோலன் பகுப்பு நூலை 1933இல் வெளியிட்டது எது தெரியுமா? சென்னை நூலகச் சங்கம். 1928இல் தொடங்கிய சங்கம். ரங்கநாதனின் நூலகவியல் ஐந்து விதிகள் பற்றிய நூலையும் 1931இல் அதே சங்கம்தான் வெளியிட்டது. 1929இல் கோடைப் பயிற்சி நடத்தியதும் அதுவே. இரண்டு ஆண்டுகள் கழித்துச் சென்னைப் பல்கலைக்கழகம் அதை எடுத்துக்கொண்டது. 1931 அக்டோபர் 21 அன்று மன்னார்குடியில் மாட்டுவண்டி நூலகம் கிளம்பியதே, அதுவும் இந்த இயக்கத்தின் அலைதான். வண்டியை உருவாக்கிய கனகசபைப் பிள்ளை ஒரு பொறியாளர், நூலகர் அல்ல.

இங்கேதான் என் ஆற்றாமை. அன்றைய சங்கத்தில் வக்கீல்கள் இருந்தார்கள், ஆசிரியர்கள் இருந்தார்கள். சங்கத் தலைவராக நெடுங்காலம் இருந்த கே.வி. கிருஷ்ணசாமி ஐயரே வக்கீல். நூலகம் தங்களுக்கு வேண்டும் என்று நினைத்தவர்கள் சேர்ந்து கேட்டார்கள். 1948இல் சென்னை மாகாணத்துக்கு நூலகச் சட்டம் வந்தது, விடுதலைக்குப் பிறகு நாட்டில் முதலாவது. இன்று நாமே நமக்குள் பேசிக்கொள்கிறோம். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி கட்டுகிறோம் என்பது எத்தனை வாசகருக்குத் தெரியும்? என் பணிக்காலத்தில், வசூலித்த வரியை உள்ளாட்சிகளிடமிருந்து கேட்டு வாங்க நான் ஏறி இறங்கிய படிகளுக்குக் கணக்கில்லை. ஒரு முறை ஓர் அலுவலகத்தில், "இப்படி ஒரு வரி இருக்கிறதா சார்?" என்று கேட்டவர் அதை வசூலித்துக்கொண்டிருந்த எழுத்தர்.

நிறுவனத் தகவல் பிரிவு, பெங்களூரு

நான் நூலகம் இல்லாத நூலகர். என்னிடம் ஒரு புத்தகம்கூடக் கிடையாது. சங்கக் கூட்டங்களில் என்னை எந்த வரிசையில் உட்காரவைப்பது என்று தெரியாமல் விழிப்பார்கள்.

ஆனாலும் நூலகப் பட்டியலுக்கான 'கோஹா' மென்பொருள் பயிற்சி ஒன்றில் கழிந்த பிற்பகலை மறக்க முடியாது. நியூசிலாந்தில் பிறந்த மென்பொருள். நூலாசிரியரின் குடும்பப் பெயரைக் கேட்கிறது. நமக்கு ஏது? சீர்காழி ராமாமிருதம் ரங்கநாதன் என்றால் ஊர், அப்பா, ஆள். ஒரு கல்லூரிப் பட்டியலைத் திரையில் போட்டார்கள். கல்கி நான்கு ஆளாகப் பிரிந்து கிடந்தார்: 'கல்கி'; 'கிருஷ்ணமூர்த்தி, ரா.'; 'ரா. கிருஷ்ணமூர்த்தி'; 'கல்கி கிருஷ்ணமூர்த்தி'. வாசகர் ஒன்றைத் தேடினால் மற்ற மூன்று பெயரில் இருக்கும் புத்தகங்கள் அகப்படாது. புனைபெயரை முதன்மையாக்கி, இயற்பெயரிலிருந்து 'காண்க' என்று வழிகாட்டுவதா, மாற்றிச் செய்வதா என்று இருபது பேர் இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். தேநீர் ஆறிவிட்டது. புனைபெயர் கட்சி வென்றது. நான் தோற்ற கட்சி. என் அலுவலகத்தில் இதைப் பற்றிச் சண்டை போட எனக்கு ஒருவர்கூட இல்லை.

பொறியியல் கல்லூரி நூலகர், கோயம்புத்தூர்

சால்வையைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறப் போவதில்லை. ஆனால் திருநெல்வேலி ஐயாவிடம் ஓர் உதவி. என்னிடம் பயிற்சி பெற்று வேறு கல்லூரிக்குப் போன பெண்ணுக்குப் போன வாரம் மெமோ வந்திருக்கிறது. 140 புத்தகங்கள். அந்த அழைப்பிதழின் நகல் கிடைக்குமா?

கல்லூரி நூலகர் (பணி ஓய்வு), திருநெல்வேலி

நகல் அனுப்புகிறேன், ஆனால் அப்படியே நீட்டிவிடாதீர்கள். 2017இல் புதிய விதித்தொகுப்பு வந்து எண் மாறிவிட்டது. இப்போது விதி 215. பழைய எண்ணோடு போனால் அதைக் காட்டியே திருப்பி அனுப்புவார்கள்.

அந்தப் பெண்ணை முதலில் 140ஐ மறக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு எத்தனை புத்தகம் கைமாறுகிறது என்று எண்ணட்டும். வழங்கல் கணக்கு கணினியில் இருக்கும். உள்ளே எடுத்துப் படித்தவையும் சேரும். அதற்குப் பெரும்பாலும் யாரும் பதிவேடு வைப்பதில்லை. இல்லையென்றால் நாளையிலிருந்தாவது, மூடும் நேரத்தில் மேசைகளில் கிடக்கும் புத்தகங்களை அடுக்குவதற்கு முன்பு எண்ணி, தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்டவை எத்தனை என்று தனியாக எடுக்கட்டும். அவற்றுக்கு மூத்த பேராசிரியர்களின் வீடுகளில் கேட்பது நல்லது.