விட்னஸ் மார்க்: ‘சாட்சிக் குறி’ வேண்டாம், ‘சான்றுவடு’ என்போம்

ஈப்போ ஐயாவுக்கும் அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பழைய இயந்திரத்தின் கடந்தகாலத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளத்தை ஆங்கிலத்தில் ‘விட்னஸ் மார்க்’ (witness mark) என்கிறார்கள். அதற்குச் ‘சாட்சிக் குறி’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றுவதை நான் ஏற்கவில்லை. மறுப்பு ‘சாட்சி’ மீது அல்ல, ‘குறி’ மீதுதான். குறி என்றாலே யாரோ ஒருவர் எண்ணிச் செய்தது. பழைய இயந்திரத்தைச் சீரமைப்பவர் தேடுவதோ எவரும் எண்ணாமல் விட்டுப்போனதை: உராய்ந்த தேய்மானம், கழற்றப்பட்ட உறுப்பு உட்கார்ந்திருந்த இடம், அடைபட்ட துளை. ஆகவே ‘சான்றுவடு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன்.

சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் நண்பரின் பட்டறையில் நாங்கள் சீரமைத்துவரும் லேத்தையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன். அமெரிக்காவின் இண்டியானாவில் சவுத் பெண்ட் நிறுவனம் செய்த கடைசல் இயந்திரம் அது. போருக்கு முன்பே இங்குள்ள செம்பவாங் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்துக்கு வந்தது, ஜப்பானியர் காலத்திலும் அங்கேயே ஓடியது என்று சொல்லித்தான் பழைய இரும்பு வியாபாரி அதை விற்றார். யாருக்கும் நம்பத் தோன்றும் வரலாறு. 1938 பிப்ரவரியில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் பெயரில் உலர் கப்பல்துறை திறக்கப்பட்ட தளம் அது. தமிழரும் மலையாளிகளும் தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம். அங்கிருந்து வந்த இயந்திரம் என்றால் நம் சமூகத்துக்கே அது ஓர் உடைமை.

சவுத் பெண்ட் லேத்தின் வரிசை எண்ணை, மற்ற உறுப்புகளைத் தாங்கும் நீண்ட படுகையின் (bed) மேல், அதன் வலக்கோடியான வால்முனையில் பொறித்திருப்பார்கள். அதைக் கொண்டு செய்த ஆண்டைக் கண்டுபிடிக்கலாம். எங்கள் இயந்திரத்தில் அந்த இடத்தைத் துரு தின்றுவிட்டது. முதல் இரண்டு இலக்கங்களுக்கு மேல் படிக்க இயலவில்லை. விடை வேறிடத்தில் கிடைத்தது. முகப்பில் பின்னாளில் யாரோ அடித்த பச்சை வண்ணத்தைக் கரைப்பான் தொட்ட துணியால் மெல்ல மெல்ல எடுத்தோம். அடியில் இருந்த சாம்பல் வண்ணத்தில் ஒரு செவ்வகம் மட்டும் அழுக்கேறாமல், புதிதுபோல் இருந்தது. அதன் ஓரங்களில் சிறிய ஆணித் துளைகள். அதே நிறுவனத்தின் வேறொரு லேத்தில் இன்றும் ஒட்டியிருக்கும் பித்தளைத் தகட்டோடு அளவும் துளைகளின் இடைவெளியும் அப்படியே பொருந்தின. இயந்திரம் அமெரிக்கப் போர் உற்பத்தி வாரியத்தின் ஆணைகளுக்கு உட்பட்டுச் செய்யப்பட்டது என்று அறிவிக்கும் தகடு அது.

அந்த வாரியத்தை அதிபர் ரூஸ்வெல்ட் அமைத்தது 1942 ஜனவரி 16. சிங்கப்பூர் வீழ்ந்தது பிப்ரவரி 15. இடையில் இருப்பவை முப்பதே நாட்கள். அதற்குள் வாரியம் ஆணையிட்டு, இயந்திரம் உருவாகி, தகடு அடிக்கப்பட்டு, கப்பலேறிக் குண்டுமழைக்கு நடுவே இங்கே வந்து இறங்கியிருக்க முடியாது. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பிய பிறகுதான் இது இந்தத் தீவுக்கு வந்திருக்க வேண்டும். வியாபாரியின் கதையை முறித்தது ஒரு வெற்றுச் செவ்வகம். அதை எவரும் குறிக்கவில்லை. அதைச் ‘சாட்சிக் குறி’ என்று எப்படிச் சொல்வது?

இதைச் சொல்லாராய்ச்சியாக மட்டும் நான் பார்க்கவில்லை. தமிழ்நாட்டுக் கோயில் திருப்பணிகளில் மணல்வீச்சால் கல்வெட்டு எழுத்துகள் மழுங்கிப்போனதைக் கண்டு வருந்தியவர்கள் நம்மிடையே பலர். பழைய லேத்துகளுக்கும் இதே கேடுதான் நேர்கிறது. முதல் வேலையாகத் தேய்ப்புச் சக்கரத்தால் வண்ணத்தை வழித்து, பளபளப்பாக்கி, படம் எடுத்துப் போடுகிறார்கள். எதைக் காக்க வேண்டும் என்பதற்கு ஒரு பெயர் இருந்தால், வழிப்பதற்கு முன் கை சற்று நிற்கும்.

இனி ஐயாவின் கேள்வி: “புழக்கத்தில் இருக்கும் சுவடு போதாதா?” சுவடு நல்ல சொல்தான். ஆனால் வரலாற்றுச் சுவடு, பண்பாட்டுச் சுவடு என்று அது மிகவும் அகன்றுவிட்டது. பட்டறையில் ஒருவர் “சுவட்டைப் பார்” என்றால் எங்கே பார்ப்பது என்று தெரியாது. ஜூரோங் அக்கா சொன்ன ‘தடயம்’ காவல்துறைக்குப் போய்விட்டது. அதைக் கேட்டதும் குற்றவாளியைத்தான் மனம் தேடும். வடு அப்படியல்ல. பொருளின் உடம்பிலேயே ஏற்பட்டு, ஆறிய பின்னும் நிற்பது அது. பழந்தமிழில் வடு என்பதற்குப் பழி, குற்றம் என்ற பொருளும் உண்டு என்று ஐயா எழுதியது வலுவான தடைதான். என்றாலும் முன்னால் ‘சான்று’ நிற்கும்போது பழிப்பொருள் தலைதூக்காது. வடு இங்கே சான்று சொல்ல வந்தது என்பது கேட்ட உடனே விளங்கிவிடும். மாவடுவோடு குழம்பும் என்ற அச்சமும் வேண்டாம்; அதைத் தொடர்மொழியே விலக்கிவிடும்.

ஆங்கிலத்தில் இந்த ஒரே பெயரால் வேறு இரண்டையும் குறிக்கிறார்கள். அவற்றைப் பிரித்துவிடுவது நல்லது. இயந்திரத்தைப் பிரிக்கும் முன், மறுபடி அதே நிலையில் பூட்டுவதற்காக இரு உறுப்புகளிலும் ‘பஞ்ச்’ (punch) என்ற கூர்முனைக் கருவியால் அடித்து வைக்கும் அடையாளம் ஒன்று. அதை ‘இணைகுறி’ எனலாம். இங்கே குறி என்ற சொல் முழுக்கப் பொருந்துகிறது. மற்றொன்று, இரும்பில் கீறிய கோட்டின் மேல் வரிசையாக வைக்கும் பஞ்ச் புள்ளிகள். கோடு வரை அரத்தால் ராவி முடித்தபின் ஒவ்வொன்றிலும் பாதிப் புள்ளி மிஞ்சினால் வேலை சரி. இதற்கு ‘எல்லைப்புள்ளி’ போதும்.

பட்டியலில் சேர்க்க ஏற்ற எடுத்துக்காட்டு வாக்கியங்கள்:

“தகடு தொலைந்துவிட்டது, அதன் சான்றுவடு முகப்பில் இருக்கிறது.”

“சக்குக்கு (வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் உறுப்பு) அருகே படுகை தேய்ந்திருக்கிறது, வால்முனையில் தேயவில்லை. இந்த லேத்தில் பெரும்பாலும் குட்டையான வேலைகளே நடந்தன என்பதற்கு அது சான்றுவடு.”

“கழற்றும் முன் இணைகுறி வைத்துக்கொள்ளவும்.”

இரண்டாம் வாக்கியம் இன்னொரு சிக்கலைக் கிளப்புகிறது. எங்கள் லேத்தின் வால்முனையில், கையால் ஸ்கிரேப்பிங் செய்த பிறைவடிவத் தடங்கள் இன்னும் தெளிவாகத் தெரிகின்றன. நீலச்சாந்து பூசி, தளத்தகட்டோடு ஒற்றிப் பார்த்து, மேடான இடத்தை மட்டும் உளியால் இம்மியளவு எடுக்கும் அந்த நுட்பத்தைச் ‘சுரண்டல்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. உழைப்பைத் திருடுவதற்கு வைத்த பெயரை உழைப்பின் உச்சத்துக்குச் சூட்டலாகாது. ‘செதுக்கல்’ என்றால் சிற்பியின் வேலையாகிவிடும். ‘வருடிச் சீவுதல்’ என்று ஒன்றை யோசித்து வைத்திருக்கிறேன், நீளமாக இருக்கிறது. ஈப்போவில் ஈயச் சுரங்கக் காலத்துப் பட்டறைக்காரர்கள் இன்னும் சிலர் இருப்பதாக ஐயா முன்பு எழுதியிருந்தீர்கள். இந்த வேலையைத் தமிழில் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று அவர்களிடம் கேட்டு எழுத முடியுமா?