ஏற்றுமதியில் உருப்படி எண்ணிக்கை குறைந்தால் உற்பத்தித்திறன் குறைந்ததாகுமா?

பேரேட்டுக்காரர் (திருப்பூர்):
உள்நாட்டுச் சந்தைக்கு மட்டும் பனியன் தைத்துவந்த எங்கள் நிறுவனம் ஒன்றரை ஆண்டாக ஏற்றுமதி ஆர்டர்களும் எடுக்கிறது. அதன்பின் ஒரு ஷிப்டுக்கு ஒரு பவர்டேபிளில் (தையல் எந்திர வரிசையில்) இறங்கும் உருப்படிகள் குறைந்துவிட்டன. பன்னாட்டு வணிகம் வளரும் நாடுகளின் ஆலைகளைத் திறன்மிக்கவையாக்கும் என்று பாடநூல்கள் சொல்வதை என் கணக்கோடு எப்படிப் பொருத்துவது?

பொருளியல் ஆசிரியை:
தாங்கள் கேட்பதற்கு மிக நெருங்கிய சோதனை எகிப்தில் நடந்திருக்கிறது. ஃபுவா நகரின் சிறு கம்பள நெசவாளர்களில் சிலருக்கு மட்டும், அதுவும் குலுக்கல் முறையில், வெளிநாட்டு ஆர்டர் கிடைக்கச் செய்து மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். முடிவுகள் 2017-இல் வெளியாயின. ஆர்டர் பெற்றவர்களின் லாபம் 16 முதல் 26 விழுக்காடு வரை உயர்ந்தது. ஆனால் ஒரு மணி நேரத்தில் அவர்கள் நெய்த அளவு, தங்கள் கணக்கில் உள்ளதைப் போலவே, குறைந்தது. தரம் கேட்கும் வாங்குநருக்கு நெய்ய நேரம் பிடிக்கத்தானே செய்யும்? பிறகு இரு தரப்பினரையும் ஒரே தறியில், ஒரே நூலில், ஒரே உள்நாட்டு மாதிரியை நெய்யச் சொன்னபோது, ஏற்றுமதி செய்தவர்கள் கூடுதல் நேரம் எடுக்காமலே மேலான கம்பளத்தைத் தந்தார்கள். பழைய உள்நாட்டுப் பனியனையே இன்று தைக்கச் சொல்லி அளந்து பாருங்கள்.

தையல் பிரிவு மேற்பார்வையாளர்:
கை பழகுவதோடு எந்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தையல் முடிந்ததும் நூலைத் தானே வெட்டிக்கொள்ளும் இறக்குமதி எந்திரம் வருமுன், ஒவ்வொரு இணைப்புக்கும் டெய்லர் கத்தரியை எடுக்க வேண்டும். மிச்ச நூல் பிசிர் வெட்டும் பெண்களிடம் போகும். ஏற்றுமதி செய்வதாக உறுதியளிப்பவர்களுக்கு எந்திர இறக்குமதி வரியைக் குறைத்த இபிசிஜி என்ற மத்திய அரசுத் திட்டம் 1990-இல் வந்திராவிட்டால், பலர் அந்த எந்திரத்தைக் கண்ணால் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

பொருளியல் ஆசிரியை:
உண்மை. 1991 முதல் 2001 வரையிலான இந்தோனேசிய ஆலைக் கணக்குகளிலும், இடுபொருள் (உற்பத்திக்குத் தேவையான மூலப்பொருள், பாகங்கள்) மீதான இறக்குமதி வரி 10 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தபோது, அவற்றை இறக்குமதி செய்த ஆலைகளின் உற்பத்தித்திறன் ஏறத்தாழ 12 விழுக்காடு கூடியது. அயல்நாட்டுச் சரக்கின் போட்டியால் விளைந்த உயர்வு இதில் பாதியைத் தாண்டவில்லை. இறக்குமதிக்குச் சந்தையைத் திறந்துவிட்ட சிலியின் கதை வேறு. அங்கே 1979-க்கும் 1986-க்கும் இடையே தொழில்துறை கண்ட 19 விழுக்காட்டு உயர்வில் மூன்றில் இரண்டு பங்கு, திறன் குறைந்த ஆலைகளிடமிருந்து திறன் மிக்கவற்றுக்கு உற்பத்தி இடம்மாறியதால் வந்தது. மூடப்பட்ட ஆலையின் தொழிலாளி அந்தச் சராசரிக்குள் இல்லை என்பதை வகுப்பில் நான் தவறாமல் சொல்வதுண்டு.

பேரேட்டுக்காரர்:
நன்றி. பழைய மாதிரியை ஒரு லைனில் தைத்து அளக்க முதலாளி ஒப்புக்கொண்டார். ஒரே சிக்கல்: அன்று தைத்த டெய்லர்களில் பாதிப் பேர் இப்போது எங்களிடம் இல்லை.

தையல் பிரிவு மேற்பார்வையாளர்:
இருக்கும் பாதிப் பேரை மட்டும் தனியாக அளங்கள். மறுதையலுக்குத் திரும்பும் உருப்படிகளையும் கழிக்க மறவாதீர்கள்.