மறு: ‘பிராம்ப்ட்’ – ‘தூண்டுதல்’ வேண்டாம், ‘எடுத்துக்கொடுப்பு’ என்போம்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான கையேட்டில் மூன்றாம் இயல் ஒரு சொல்லுக்காகவே மூன்று வாரமாக நிற்கிறது. பிள்ளை தடுமாறும்போது தொடங்கிவைக்க நாம் தரும் சிறு உதவியை ஆங்கிலத்தில் ‘பிராம்ப்ட்’ என்கிறார்கள்; அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இந்த இழையின் கேள்வி. நேற்று எங்கள் மலையூர் பண்ணைக்காட்டில் விடாத மழை. வெளியே போக வழியில்லாததால் இழையின் எல்லா மடல்களையும் ஆற அமர மறுபடி படித்தேன்.

> ‘தூண்டுதல்’ ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள சொல். புதிதாக ஒன்று எதற்கு?

பேராசிரியர் ஐயாவின் கேள்வி நியாயமானது. புழங்கும் சொல்லைத் தள்ளிவிட்டுப் புதியதைத் திணிப்பதில் எனக்கும் விருப்பம் கிடையாது. ஆனால் உளவியல் நூல்கள் ‘தூண்டல்’, ‘துலங்கல்’ என்ற இணையை வெகுகாலமாக வைத்திருக்கின்றன. பந்தைக் காட்டி ‘இது என்ன?’ என்று கேட்பது தூண்டல். பிள்ளை ‘பந்து’ என்பது துலங்கல். அவன் தடுமாறும்போது உதட்டைச் சேர்த்து ‘ப...’ என்று தொடங்கிக் காட்டுகிறோமே, அதுதான் பிராம்ப்ட். தூண்டலும் தூண்டுதலும் ஒரே பக்கத்தில் வந்தால் படிக்கும் தாய் குழம்பாமல் என்ன செய்வாள்?

இந்தக் குழப்பத்தின் விலை எனக்குத் தெரியும். மகனுக்கு நான்கு வயதானபோது மலையிறங்கி ஒரு பயிற்சி மையத்துக்கு ஓராண்டு போய்வந்தோம். ‘தண்ணீர் சொல்லு’, ‘தண்ணீர் சொல்லு’ என்று நாள் முழுக்கப் பயிற்சி. கடைசியில் தாகமெடுத்தால் என் முந்தானையைப் பிடித்து ‘தண்ணீர் சொல்லு’ என்றே கேட்கத் தொடங்கினான். கட்டளை, உதவி, பதில் மூன்றும் அவன் காதில் ஒரே மூட்டையாக விழுந்திருக்கின்றன. எது நம் பங்கு, எது அவன் பங்கு என்று பிரித்துச் சொல்ல அங்கே ஆளில்லை. எனக்கும் அப்போது தெரியாது. அந்தச் ‘சொல்லு’வைக் கழற்ற எட்டு மாதம் ஆயிற்று. குவளையை அவன் கண்ணுக்கு எதிரே பிடித்துக்கொண்டு, வாயைத் திறக்காமல் பத்து எண்ணும் வரை காத்திருக்க நான் பழகிய பிறகுதான் ஒரு நாள் ‘தண்ணீர்’ மட்டும் வந்தது.

ஆகவே எனக்கு வேண்டிய சொல் இரண்டு வேலை செய்ய வேண்டும். உதவியைக் கேள்வியிலிருந்து பிரிக்க வேண்டும். அந்த உதவி திரும்பப் பெறுவதற்காகவே தரப்படுகிறது என்பதும் அதில் தெரிய வேண்டும்.

கோத்தகிரி அக்கா சொன்ன ‘கொழுகொம்பு’ அழகான சொல். ஆனால் எங்கள் பக்கம் தாண்டிக்குடி வரை மிளகுக்கொடி முள்முருங்கையில்தான் ஏறுகிறது. மரத்தை வெட்டினால் கொடி தரையில் கிடக்கும். பிள்ளை ஆயுளுக்கும் நம் மேல் படர்ந்திருக்க வேண்டும் என்ற பொருளை நாமே ஏன் கொடுக்க வேண்டும்? ‘கைத்தாங்கல்’ நோயாளிக்கு உரியது. சுவரில் ஒட்டிய படத்தை விரலால் சுட்டுவதும் பிராம்ப்ட்தான். அதில் தாங்கல் எங்கே இருக்கிறது?

நான் முதலில் எழுதியது ‘அடியெடுப்பு’. சேக்கிழாருக்குத் தில்லையில் ‘உலகெலாம்’ என்றும், அருணகிரிநாதருக்கு முருகன் ‘முத்தைத்தரு’ என்றும் அடியெடுத்துக் கொடுத்த கதை நமக்கெல்லாம் தெரியும். தெய்வம் முதற்சொல்லோடு நிறுத்திக்கொண்டது; மிச்சத்தைப் பாடியவர் புலவர். பிராம்ப்டை இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது. ‘அடி’ என்றால் காலடியும் ஆகும் என்பதால் கைபிடித்துச் செய்விப்பதற்கும் பொருந்தும் என்று மகிழ்ந்திருந்தேன்.

இயலைப் பக்கத்து வீட்டுத் தாய் ஒருவருக்குப் படித்துக்காட்டினேன். முதல் வரியிலேயே நிறுத்தி, ‘இதில் பிள்ளையை அடிப்பார்களா?’ என்று கேட்டார். அன்றே அந்தச் சொல்லைக் கைவிட்டேன்.

அவர் கேட்டதில் வரலாறும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குத் திறன்களைச் சிறு சிறு படிகளாகப் பழக்கும் நடத்தைப் பயிற்சியைப் பரப்பியது, அமெரிக்க உளவியலாளர் ஐவார் லோவாஸ் 1987இல் வெளியிட்ட ஆய்வு. 19 பிள்ளைகளுக்கு வாரம் 40 மணி நேரப் பயிற்சி. 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போலவே வழக்கமான முதல் வகுப்பைத் தேறினார்கள். இந்தக் குழுவுக்கும் ஒப்பீட்டுக் குழுவுக்கும் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்ற குறை அதற்கு அப்போதே வந்தது. உரத்த ‘கூடாது’வும் சில வேளைகளில் தொடையில் அடியும் அந்த முறையில் இருந்ததாக அந்தக் கட்டுரையே சொல்கிறது. இன்று நல்ல பயிற்சியாளர் எவரும் கை ஓங்குவதில்லை. ஆனாலும் கண்ணைப் பார்க்கச் சொல்லி முகத்தைத் திருப்பியதையும், ஆடும் கைகளை அழுத்திப் பிடித்ததையும் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் வலியோடு எழுதுகிறார்கள். இந்தத் துறைக்கு ‘அடி’ என்று தொடங்கும் ஒரு சொல்லை நாம் தரவே கூடாது.

மிஞ்சியது ‘எடுத்துக்கொடுப்பு’. கும்மிப் பாட்டில் மூத்தவள் எடுத்துக்கொடுக்கிறாள், மற்றவர்கள் பாடுகிறார்கள். ஒப்பிக்கும் பிள்ளைக்குப் பக்கத்திலிருப்பவன் எடுத்துக்கொடுக்கிறான். சொல்வழி, சைகைவழி, படவழி, தொடுவழி என்று எந்த அடைமொழியும் முன்னால் ஒட்டும்.

> எட்டாத பொருளை எடுத்துக் கொடுப்பது போல, முழு வேலையையும் நாமே செய்துவிடுவதாகத் தொனிக்கிறதே?

குன்னூர்த் தம்பியின் இந்த மறுப்பு வலுவானது. சொல்லைச் சேர்த்து எழுதினால் மட்டும் அது தீராது. அதனால்தான் வரையறையை இப்படி வைக்கிறேன்: ‘பிள்ளை தானே தொடங்கும் அளவுக்கு மட்டும் தந்து, பிறகு படிப்படியாகத் திரும்பப் பெறும் உதவி.’

எடுத்துக்காட்டாக ஸ்வெட்டரை வைத்திருக்கிறேன். மலைப்பிள்ளைக்கு அது இல்லாத காலை கிடையாது. தலையையும் இரண்டு கைகளையும் அம்மாவே நுழைத்துவிடுகிறாள். நெஞ்சில் சுருண்டு நிற்கும் ஓரத்தை வயிற்றுக்கு இழுப்பது மட்டும் பிள்ளையின் வேலை. கடைசிப் படியை முதலில் கற்றுக்கொடுத்தால், முடித்த மகிழ்ச்சி முதல் நாளே அவனுக்குக் கிடைக்கிறது. முதலில் அவன் கைமேல் அவள் கை. சில நாளில் மணிக்கட்டில் இரண்டு விரல். பிறகு முழங்கையில் ஒரு தொடுகை. பிறகு ஓரத்தைச் சுட்டும் விரல். பிறகு அவள் சும்மா நிற்கிறாள். கம்பளி உறுத்துகிறது என்று அவன் கையை உதறினால் அங்கேயே விட்டுவிட வேண்டும் என்பதையும் தடித்த எழுத்தில் சேர்த்திருக்கிறேன். உதறலும் ஒரு பேச்சு.

மணிக்கட்டு, முழங்கை, விரல் என்று இப்படிக் குறைத்துக்கொண்டு வருவதற்குப் பேராசிரியர் ஐயா தந்தது ‘படிநீக்கம்’. அலுவலகக் கோப்பில் வரும் சொல் போலிருக்கிறது. ‘கைதளர்த்தல்’ என்று எழுதியிருக்கிறேன். சைக்கிள் பழக்கும் அப்பா இருக்கையின் பின்புறத்தை இறுகப் பிடித்து, பிடியைத் தளர்த்தி, பிள்ளைக்குத் தெரியாமல் விடுவாரே, அந்தத் தளர்வு. ‘கைவிடல்’ என்று மட்டும் யாரும் திருத்திவிடாதீர்கள். அதன் பொருள் நேர் எதிர்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே ஆறு தாய்மார் வருகிறார்கள். இயலை அவர்களுக்கு வாசித்துக்காட்டி, ‘அப்படியென்றால்?’ என்று எந்த இடத்தில் கேட்கிறார்களோ அந்தச் சொல்லுக்கு அடிக்கோடிட்டு திங்கள் காலை அனுப்புகிறேன். அதற்குள் ‘வலுவூட்டல்’ (பிள்ளை செய்ததும் பாராட்டோ பிடித்த பொருளோ தந்து, அதை மறுபடி செய்ய வைப்பது) பற்றிய தனி இழையைக் கோத்தகிரி அக்கா தொடங்கினால் நல்லது. போன முறை அதைக் கேட்ட ஒருவர், சத்துமாவு தருவார்களா என்று விசாரித்தார்.