ஜாங்கோவில் 'கதை'யும் 'கீதை'யும் ஒரே முகவரிக்கு வந்து நிற்கின்றன. என்ன செய்வது?

பொதிகை_வாசகன்:

எல்லோருக்கும் வணக்கம். தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் சாயங்கால வாசகசாலையைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் 3,140 புத்தகங்கள். பகலில் அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிற வேலை. இரவில் உட்கார்ந்து பைத்தான் கற்று, எட்டு மாதமாக எங்கள் புத்தகப் பட்டியலை ஜாங்கோவில் (பைத்தானில் இணையதளம் கட்டுகிற கருவி) கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு புத்தகம் அலமாரியில் இருக்கிறதா, யாராவது எடுத்துப் போயிருக்கிறார்களா என்று போனிலேயே பார்த்துவிட்டு வரவேண்டும், அவ்வளவுதான் தேவை. இரண்டு கிலோமீட்டர் நடந்து வந்து, "இல்லையா தம்பி?" என்று கேட்டுத் திரும்பிப் போகிற பெரியவர்களைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

பிரச்சினை இதுதான். ஒவ்வொரு பிரிவுக்கும் அதன் பெயரே முகவரியில் வரவேண்டும் என்று ஸ்லக்கிஃபை பயன்படுத்தினேன். பெயரை 'ஸ்லக்' என்கிற முகவரித் துண்டாக மாற்றித் தரும் ஜாங்கோ ஃபங்ஷன் அது. முதலில் எல்லாப் பெயருக்கும் வெறும் காலியாக வந்தது. தேடிப் பார்த்து 'அலோ யூனிகோட்' என்பதை ட்ரூ ஆக்கினேன். தமிழ் வந்தது, சந்தோஷப்பட்டேன். நேற்று 'கீதை' என்று ஒரு பிரிவு சேர்த்தபோது இன்டெக்ரிட்டி எரர். அந்த ஸ்லக் ஏற்கெனவே இருக்கிறதாம். ஷெல்லைத் திறந்து ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தேன்:

'கதை' கொடுத்தால் 'கத'.
'கீதை' கொடுத்தாலும் 'கத'.
'மலை', 'மாலை', 'மூலை' மூன்றும் 'மல'.
'தமிழ்' என்பது 'தமழ'.

கொம்பு, கால், சுழி, புள்ளி எதுவும் மிஞ்சவில்லை. நான் எங்கே தப்பு செய்தேன்?

இன்னொன்று. பட்டியலைத் தலைப்பு வாரியாக அடுக்கினால் 'அப்பா'வுக்கு முன்னால் 'அன்பு' வருகிறது, 'அவல்' என்பதற்கு முன்னால் 'அழகு' வருகிறது. அகராதி வரிசை தெரிந்த ஒரு தமிழாசிரியர் இங்கே தினமும் வருவார். அவரிடம் இதைக் காட்ட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

வைகைக்கரை_நிரலர்:

தப்பு உங்களுடையது இல்லை. ஸ்லக்கிஃபைக்குள்ளே ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன், அதாவது எழுத்துகளைச் சலிக்கும் ஒரு விதி, இருக்கிறது. எழுத்து, எண், அடிக்கோடு, சிறுகோடு, இடைவெளி தவிர மற்றதையெல்லாம் அது நீக்கிவிடும். எது எழுத்து என்று முடிவு செய்வது பைத்தானின் 'ரி' மாட்யூல். யூனிகோடில் 'க', 'த' போன்றவை 'எழுத்து' வகை. துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் 'குறி' என்ற தனி வகை. பைத்தான் அந்தக் குறிகளை எழுத்தாக எண்ணுவதில்லை, ஆகவே அவை போய்விடுகின்றன. இந்திக்கும் மலையாளத்துக்கும் இதே கதிதான்.

இதோடு முடியவில்லை. ஸ்லக்கைத் தரவுத்தளத்தில் வைக்கிற ஸ்லக்ஃபீல்டின் சரிபார்ப்பும் அதே விதியில்தான் ஓடுகிறது. நீங்களே 'கதை' என்று சரியாகக் கொடுத்தாலும் அட்மின் பக்கம் ஏற்காது. அப்புறம் யுஆர்எல் கோப்பில் 'ஸ்லக்' என்று போடுகிற கன்வர்ட்டர் (முகவரியில் எந்த எழுத்து வரலாம் என்று சொல்வது) ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு, அடிக்கோடு மட்டுமே ஏற்கும். அங்கே 'ஸ்ட்ரிங்' கன்வர்ட்டர் போடவேண்டும்.

நான் செய்வது: ஸ்லக்ஃபீல்டை விட்டுவிட்டு சாதாரண கேரக்டர் ஃபீல்டு. சொந்தமாக ஆறு வரியில் ஒரு ஃபங்ஷன். யூனிகோட்டேட்டா மாட்யூலில் ஒவ்வொரு குறியீட்டின் வகையையும் கேட்டு, எழுத்து, குறி, எண் மூன்றையும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் சிறுகோடாக்கிவிடுவேன். இதில் 'கீதை' 'கீதை'யாகவே இருக்கும்.

அட்டைப் படங்கள் ஏற்றுகிறீர்களா? அந்தக் கோப்புறையையும் ஒருமுறை பாருங்கள். தமிழில் பெயரிட்ட கோப்புகளை ஜாங்கோ சேமிக்கும்போதும் இதே மாதிரி குறிகளைக் கழித்துவிடும். பெயர் மோதினால் பின்னால் ஏழு எழுத்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் படம் அழியாது, ஆனால் பெயர் அடையாளம் தெரியாமல் போகும்.

அலமாரி_அக்கா:

தம்பி, நான் கல்லூரி நூலகத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவள். உங்கள் புத்தகங்களின் முதல் பக்கத்தில் முத்திரை குத்தி ஒரு பதிவெண் எழுதியிருப்பீர்களே, அதை முகவரியில் போடுங்கள். 'நூல்/1482' என்று. தலைப்பு அழகுக்குப் பின்னால் வரட்டும், ஆனால் தேடி எடுப்பது எண்ணை வைத்தே நடக்கட்டும். ஒரே தலைப்பில் இரண்டு பிரதி இருந்தால்? தலைப்பில் ஒற்றுப்பிழை கண்டு நாளைக்குத் திருத்தினால்? எண் மாறாது, பழைய லிங்க்கும் உடையாது.

தமிழ் முகவரியை வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பிரவுசரிலிருந்து நகலெடுக்கும்போது பெரும்பாலும் ஒவ்வொரு குறியீடும் ஒன்பது எழுத்தாக விரிந்து சதவீதக் குறிகளாக வரும். 'கதை' என்ற சின்னச் சொல்லே 27 எழுத்து. ஊர்க் குழுவில் அதைப் போட்டால் வைரஸ் லிங்க் என்று பயப்படுவார்கள். எங்கள் வீட்டிலேயே பயந்தார்கள்.

வடமராட்சி_ஃபிளாஸ்க்:

அண்ணா, நான் யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறன். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கடந்தகால வினாத்தாள்களைச் சேர்த்து வைக்க ஃபிளாஸ்க்கில் (ஜாங்கோ மாதிரி இன்னொரு பைத்தான் கருவி) ஒரு தளம் செய்தனான். தரவேற்றும் கோப்பின் பெயரைப் பாதுகாப்பாக்க எல்லாரும் சொல்கிற 'செக்யூர் ஃபைல்நேம்' ஃபங்ஷனைப் போட்டன். அது ஆங்கிலம் அல்லாத எல்லாவற்றையும் நீக்கிவிடும். 'கணிதம்' என்ற கோப்பும் 'வரலாறு' என்ற கோப்பும் வெறும் 'பிடிஎஃப்' என்ற பெயருக்கு வந்தன, புள்ளிகூட இல்லை. ஜாங்கோ மாதிரி அங்கே பின்னொட்டும் சேராது. ஒன்றின் மேல் ஒன்று எழுதப்பட்டு, கடைசியாய் ஏற்றின ஒரு தாள் மட்டும்தான் மிச்சம். ஓர் ஆசிரியை இரண்டு நாள் இருந்து ஸ்கேன் செய்து தந்தவை. அவவிடம் திரும்பக் கேட்கப் போனபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இப்ப கோப்புக்கு ஒரு யூயூஐடி (கணினி உருவாக்கித் தரும், ஒன்றோடொன்று மோதாத நீண்ட அடையாள எண்) பெயர், உண்மையான தமிழ்ப் பெயர் தரவுத்தளத்தில். அக்கா சொன்ன பதிவெண்ணும் இதே வழிதான்.

பொதிகை_வாசகன்:

அக்கா, பதிவெண் என் கண் முன்னாலேயே இருந்திருக்கிறது, எனக்குத் தோன்றவே இல்லை. இரவோடு இரவாக மாற்றிவிட்டேன். வைகைக்கரை அண்ணா சொன்ன கோப்புறையையும் பார்த்தேன். படங்களின் பெயர்கள் அத்தனையும் குறிகளை இழந்துதான் கிடந்தன. பதிவெண்ணையே பெயராக வைத்து மறுபடி ஏற்றுகிறேன்.

இப்போது தேடலில் ஒரு சிக்கல். 'ஔவையார்' என்று தேடினால் ஒன்றும் வரவில்லை. அலமாரியில் நான்கு புத்தகம் இருக்கிறது!

வைகைக்கரை_நிரலர்:

பட்டியலை முதலில் எக்செலில் தட்டச்சு செய்தவர் 'ஔ'வுக்குப் பதில் 'ஒ' போட்டு பக்கத்தில் 'ள' போட்டிருப்பார். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு சொல். இதில் இரண்டு வகை உண்டு. 'கொ' என்பதை ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறியீட்டில் அடித்திருந்தால், யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸ் ஃபங்ஷனில் என்எஃப்சி (பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து ஒரே வடிவமாக்கும் முறை) கொடுத்தால் ஒன்றாகிவிடும். 'ஒள' மட்டும் அதில் சரியாகாது, ஏனென்றால் 'ள' உண்மையிலேயே ஒரு தனி எழுத்து. 'ஒளவை' என்று தொடங்குவதைத் தேடி நீங்களே மாற்றவேண்டும். கண்ணை மூடிக்கொண்டு எல்லா 'ஒள'வையும் மாற்றிவிடாதீர்கள், 'ஒளி'யில் இருக்கிற 'ஒள'வும் 'ஔ'வாகி அந்தச் சொல்லே கெட்டுப்போகும். சேமிக்கும்போதும் என்எஃப்சி, தேடுகிற சொல்லுக்கும் என்எஃப்சி.

வரிசைக்கு வருகிறேன். யூனிகோடு அட்டவணையில் 'ன' என்பது 'ந'வுக்கு அடுத்து, 'ப'வுக்கு முன்னால் இருக்கிறது. 'ற' என்பது 'ர'வை ஒட்டி, 'ள', 'ழ' இரண்டும் 'வ'வுக்கு முன்னால். நம் வரிசையோ ய ர ல வ ழ ள ற ன. தரவுத்தளம் போஸ்ட்கிரெஸ் என்றால், ஐசியு தமிழ் கொலேஷன் (மொழிக்கேற்ற அடுக்கு விதி) கொடுத்தால் மெய்களின் வரிசை சரியாகும். நீங்கள் எஸ்கியூலைட் என்ற சிறிய தரவுத்தளத்தில் இருந்தால் அதற்காக மாறவேண்டாம், 3,140 புத்தகத்துக்கு அது தாராளம். 'ஓப்பன்-தமிழ்' என்ற பைத்தான் தொகுப்பு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். பைத்தானின் நீளக் கணக்கில் 'தமிழ்' ஐந்து, அதில் மூன்று. ஒவ்வொரு எழுத்துக்கும் அகராதி வரிசையில் மூன்று இலக்க எண் கொடுத்து, சேர்த்து ஒட்டி, தனி ஃபீல்டில் வைத்து அதை வைத்து அடுக்குங்கள். 'க்' என்பதை 'க'வுக்கு முன்னால் வைக்க மறக்காதீர்கள், 'அக்கா' அப்போதுதான் 'அக'த்துக்கு முன்னால் வரும்.

பொதிகை_வாசகன்:

செய்தேன், ஆனால் முதலில் வரிசை மாறவே இல்லை. அரை இரவு போனது. வரிசை எண்ணை 'சேவ்' மெத்தடில் எழுதியிருந்தேன், புத்தகங்களை ஏற்றியது மொத்தமாகச் சேர்க்கிற 'பல்க் கிரியேட்' வழியாக. அது 'சேவ்'வைக் கூப்பிடாது என்பதை ஆவணத்தில் படித்த பிறகுதான் புரிந்தது. ஒரு லூப் போட்டு ஒவ்வொன்றையும் சேமித்ததும் சரியானது.

இன்று சாயங்காலம் தமிழாசிரியரிடம் போனைக் கொடுத்தேன். 'அ' பகுதியை மேலிருந்து கீழ்வரை விரலால் தள்ளிக்கொண்டே போனார். 'அழகு', 'அள்ளி', 'அறம்', 'அன்பு' என்று வாய்விட்டுப் படித்தார். பிறகு ஔவையாரைத் தேடி, நான்கில் ஒன்று வெளியே போயிருக்கிறதே, யாரிடம் இருக்கிறது என்று கேட்டார். அவரிடம்தான் இருந்தது.