தையல் மேசையில் ஏறும் பூனையை எப்படி நிறுத்துவது?

கேள்வி (பாலக்கோடு)

அனைவருக்கும் வணக்கம். என் மாமியார் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார். ஆடிப் பதினெட்டு நெருங்குவதால் துணி குவிந்து கிடக்கிறது. எங்கள் பூனையோ தையல் மேசையைவிட்டு இறங்க மறுக்கிறது. விரட்டினால் இறங்கும், நாங்கள் திரும்புவதற்குள் மறுபடி ஏறிவிடும். ஒருவர் கொடுத்த பட்டுத் துணியில் நகம் பட்டு இழை இழுத்துவிட்டது. இன்னொரு துணி வீணானால் பூனையைத் தோட்டத்தில் விட்டுவிடச் சொல்கிறார் மாமியார். எனக்கு மனம் வரவில்லை. பக்கத்து வீட்டில் அந்துருண்டை வைக்கச் சொல்கிறார்கள், இன்னொருவர் மிளகாய்த்தூள் என்கிறார். செய்யலாமா? மேசை சன்னலோரம் இருக்கிறது. வெளிச்சம் வேண்டுமென்பதால் நகர்த்த முடியாது.

பதில் (காவேரிப்பட்டணம்)

இரண்டுமே வேண்டாம் சகோதரி. அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் பூனைக்கு நஞ்சு. மிளகாய்த்தூள் பாதத்தில் ஒட்டி, நக்கும்போது வாயையும் கண்ணையும் எரிக்கும். மேசையை ஃபினாயில் போட்டுத் துடைக்கவும் கூடாது. பீனால் கலந்தவற்றைப் பூனையின் கல்லீரலால் சரிவர முறித்து வெளியேற்ற முடியாது.

பதில் (தருமபுரி)

துணி போனால் வேறு துணி வாங்கிக் கொடுக்கலாம். நான் பயப்படுவது நூலுக்கு. பூனையின் நாக்கில் உள்ள முட்கள் உள்நோக்கி வளைந்தவை. நூல் அதில் சிக்கினால் துப்ப வராது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கின் அடியில் மாட்டிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போனால் குடல் சுருங்கி மடிந்து, அறுபட்டும் போகலாம். ஊசியோடு சேர்ந்த நூல் இன்னும் மோசம். நூற்கண்டு, பாபின், குண்டூசி, வெட்டுத்துணி எல்லாவற்றையும் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் தயவுசெய்து இழுக்காதீர்கள். பூனை வாந்தி எடுத்துச் சாப்பிடாமல் படுத்திருந்தாலும் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

பதில் (ஓசூர்)

தருமபுரிக்காரர் சொன்னதை முதலில் செய்யுங்கள் அக்கா. பிறகு மேசை விஷயம். பூனைக்கு உயரமும் சன்னலும் வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டும் அந்த மேசையில்தான் இருக்கின்றன. அதே சன்னலின் மறுபக்கம் மேசையைவிட உயரமான ஸ்டூல் ஒன்றைப் போட்டு, மேலே பழைய போர்வையை விரியுங்கள். காலில் சணல் சாக்கைச் சுற்றிக் கட்டினால் நகம் கீற அதுவே போதும். பூனை தானாக அங்கே ஏறும்போதெல்லாம் துளி கருவாடு கொடுங்கள். மேசையில் ஏறினால் அடிக்கவோ தண்ணீர் தெளிக்கவோ வேண்டாம். உங்களைக் கண்டால்தான் பயப்படும், நீங்கள் இல்லாதபோது ஏறும். பேசாமல் தூக்கி ஸ்டூலில் விடுங்கள். தைக்காத நேரத்தில் மேசை விளிம்பில் இருபுறமும் ஒட்டும் டேப்பை ஒட்டிவையுங்கள். பாதத்தில் பிசுபிசுப்பது பூனைக்குப் பிடிக்காது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. நூல் இவ்வளவு ஆபத்து என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. மாமியாரே பிஸ்கட் டப்பா ஒன்றைக் காலி செய்து எல்லாவற்றையும் அதில் போட்டு மூடிவிட்டார். பகலில் இப்போது ஸ்டூலில்தான் உட்காருகிறது. விடியற்காலையில் மட்டும் மேசைக்கு வருகிறது. அதற்கு என்ன செய்வது?

பதில் (ஓசூர்)

விடியலும் அந்தியும் பூனை வேட்டையாடும் நேரம். இரவு படுக்கும் முன் துணிப்பந்தை உருட்டி நன்றாக ஓடவிட்டு, அதன் பிறகு சோறு வையுங்கள். தின்றதும் தூங்கிவிடும். மெஷினுக்கு மரமூடி இருந்தால் இரவில் போட்டு, துணிகளைப் பீரோவில் பூட்டிவிடுங்கள். ஆடி வேலை முடியும்வரை டேப்பை எடுக்காதீர்கள் அக்கா.