மறுமொழி: இண்டெரோசெப்ஷன் – ‘உடலகப்புலன்’ பொருந்துமா?

நண்பர்களுக்கு வணக்கம். உடலுக்குள் நடப்பதை மூளை அறிந்துகொள்வதை ஆங்கிலத்தில் இண்டெரோசெப்ஷன் (interoception) என்கிறார்கள். அதற்கு ‘உடலகப்புலன்’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதையும் அதை ஒட்டிய சில கலைச்சொற்களையும் பற்றி நீங்கள் எழுதியவற்றுக்கு என் பதில் இது.

> ‘உள்ளுணர்வு’ என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான், ஆனால் வேறு பொருளில் ஊன்றிப்போய்விட்டது. காரணம் தெரியாமலே மனத்தில் தோன்றுவதைத்தான் உள்ளுணர்வு என்கிறோம். நமக்கு வேண்டியது இதயம், குடல், நுரையீரல் போன்றவற்றின் நிலையை மூளை அறிந்துகொள்ளும் வழிக்கு ஒரு பெயர். ஒரே கட்டுரையில் இரண்டு பொருளும் வந்தால் வாசகர் திண்டாடிப்போவார்.

> சரி, ‘அகவுணர்வு’?

‘உணர்வு’ என்ற பகுதியே எனக்கு இடிக்கிறது. இதயம் சுருங்கும் ஒவ்வொரு முறையும் பெருந்தமனி வளைவிலும் கழுத்துத் தமனியிலும் உள்ள அழுத்த உணரிகள் தூண்டப்படுகின்றன. அந்தச் செய்தி நரம்புகள் வழியே மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்துக்குப் போய், அங்கிருந்து மேலே, மூளைப் புறணியின் மடிப்புக்குள் இருக்கும் இன்சுலா வரை எட்டுகிறது. இதில் நாம் ‘உணர்வது’ மிகச் சொற்பம். சும்மா உட்கார்ந்திருக்கும்போது தன் துடிப்பு பலருக்குத் தெரிவதே இல்லை. ஆனாலும் அது பார்வையில் கைவைக்கிறது என்பதுதான் வியப்பு.

சுவிட்சர்லாந்தின் லோசானில் நடந்து 2016இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு வேகமாக மாறும் வண்ணக் கோலங்கள், மற்றதற்கு மங்கலான ஒரு படம். கோலங்கள் படத்தை அமுக்கிவிடுவதால் அது தென்படக் கொஞ்ச நேரமாகும். பார்ப்பவரின் இதயத் துடிப்போடு ஒத்து அந்தப் படம் மினுங்கினால் இன்னும் தாமதமாகிறது. அப்போது இன்சுலாவின் செயல்பாடும் குறைகிறது. தன் உடல் எழுப்பும் சலசலப்பை மூளை தணிக்கும்போது, அதே தாளத்தில் வரும் வெளிக்காட்சியும் சேர்ந்து அமுங்குகிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். பங்கேற்றவர் துடிப்பை உணர்ந்து இதைச் செய்யவில்லை. பிறகு எப்படி அதை ‘உணர்வு’ என்பது?

அதனால்தான் ‘புலன்’ என்கிறேன். கட்புலன், செவிப்புலன் என்று ஏற்கெனவே புழங்குகிறோம். அந்த வரிசையில் உடலகப்புலன் இயல்பாக உட்காருகிறது. ‘உடல்’ முன்னால் நிற்பதால் ‘அகம்’ மனத்தைக் குறிக்குமோ என்ற ஐயமும் வராது. 1906இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் உடலின் உணரிகளை வகைபிரித்தபோது மூன்று பெயர்கள் தந்தார். அவற்றையும் புறப்புலன், உடலகப்புலன், உடல்நிலைப்புலன் என்று ஒரே அச்சில் வார்க்கலாம். கடைசியானது தசையும் மூட்டும் தரும் செய்தி.

> அவேர்னஸுக்கு (awareness) ‘விழிப்புணர்வு’ போதுமே?

அது பிரசாரச் சொல்லாகிவிட்டது. காட்சி விழிப்புணர்வு என்றால் கண் பரிசோதனை முகாம்தான் நினைவுக்கு வரும். ‘நனவு’ நல்லது, வினையோடு சேர்த்தால் இன்னும் நல்லது: ‘நனவில் படுதல்’. கண்ணில் படுதல் நமக்குப் பழகிய வழக்கு என்பதால், “படம் கண்ணில் பட்டது, நனவில் படவில்லை” என்று விளக்கமே தேவைப்படாமல் எழுதிவிடலாம்.

சிஸ்டொலி, டயஸ்டொலிக்கு இதயச் சுருக்கம், இதய விரிவு. இதில் விவாதிக்க ஏதுமில்லை.

அப்புறம், இன்னொரு சொல் பாக்கி. ஒவ்வொரு துடிப்புக்கும் மூளையில் ஒரு சிறு மின் எதிர்வினை எழுகிறது. கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் இருக்கும் மங்கலான ஒரு வடிவத்தைக் காட்டுவதற்குச் சற்று முன்பு அந்த எதிர்வினை பெரிதாக இருந்தால், பார்ப்பவர் அதைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு கூடுகிறது. பிரெஞ்சு நரம்பியல் ஆய்வாளர் கேத்தரின் தாலோன்-போத்ரியின் குழுவினர் 2014இல் காட்டியது இது. லோசான் ஆய்வில் துடிப்பு பார்வையை அமுக்கியது, இங்கே அதற்கான மூளையின் எதிர்வினை பார்வைக்குத் துணைநிற்கிறது. ஆகவே அமுக்கம், தூண்டல் என்று எந்தப் பக்கமும் சாயாத பெயர் வேண்டும். ‘துடிப்பெதிர்வு’ என்று முன்வைக்கிறேன். மருத்துவம் படித்தவர்கள், ‘எதிர்வு’ என்பதைத் தனிச்சொல்லாக ஏற்பீர்களா, ‘எதிர்வினை’ என்றே முழுதாக எழுதுவீர்களா என்று சொல்லுங்கள்.