தனியார் தொழில் வளர்ந்தால் வறுமை குறையுமா? திருப்பூர் என்ன சொல்கிறது?

பொருளியல் மாணவி:
தனியார் முதலீடு பெருகினால் வறுமை தானாகவே குறையும் என்று வகுப்பில் கற்பிக்கிறார்கள். பெரிய அரசு ஆலை எதுவும் இல்லாத திருப்பூரில் பின்னலாடைத் தொழில் வளர்ந்து, சுற்றியுள்ள மானாவாரி ஊர்க்காரர்களுக்கெல்லாம் வேலை கொடுத்திருக்கிறது. அங்கே வறுமையைக் குறைத்தது முதலாளிகளின் முதலீடுதானா? தொழிலை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பனியன் கம்பெனிக்காரன்:
பணத்தைவிட, தொழில் துண்டு துண்டாகப் பிரிந்திருந்ததே முக்கியக் காரணம் என்பேன். ஆர்டர் ஓர் ஏற்றுமதியாளருக்கு வந்தாலும் நிட்டிங், சாயம், பிரிண்டிங், எம்பிராய்டரி எனத் தனித்தனிப் பட்டறைகளுக்கு ஜாப் ஒர்க்காக, அதாவது கூலிக்குச் செய்து தரும் வேலையாகப் போகும். அதனால், ஓவர்லாக், பிளாட்லாக் எனும் தையல் மெஷின்களில் ஒவ்வொன்று வாங்க வழியிருந்த டெய்லர், வாடகைக் கட்டடத்தில் தொழில் தொடங்கி, தான் வேலை பார்த்த கம்பெனிக்கே பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுக்க முடிந்தது. ஆனால், அப்படி மேலே வந்தவர்களில் பெரும்பாலோர் சிறிதளவு நிலமோ உறவினர் கைமாற்றோ இருந்த ஆண்கள்தான். டெய்லருக்கு உதவும் கைமடி வேலைக்கும், தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங்கிற்கும் வந்த பெண்களில் முதலாளியானவர்கள் மிகக் குறைவு.

சங்கத் தோழர்:
வேலை கிடைத்தது உண்மைதான். கூலி தானாக உயரவில்லை. 1984-இல், விலைவாசி உயர்வை ஈடுகட்டும் பஞ்சப்படி கேட்டு 100 நாட்களுக்கும் மேல் வேலைநிறுத்தம் நடந்தது. ரேஷன் அரிசியையும் 1982-இல் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தாயின் குழந்தைக்கு மதியச் சோறு போட்டது கம்பெனி அல்ல, அரசு. முதலாளிகள் இதைப் பேசுவதே இல்லை!

நொய்யல் கரை விவசாயி:
எங்கள் பக்கத்து நட்டத்தையும் எழுதுங்கள், அம்மா. பாசனத்திற்காக நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ப் பட்டறைகளின் சாயக்கழிவு தேங்கி, கிணறுகள் உப்பாகி, தென்னை காய்ந்து, பலர் தோட்டத்தை விட்டுவிட்டு அதே பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போனார்கள். அவர்களையும் புதிதாக வேலை பெற்றவர்கள் பட்டியலில் சேர்ப்பது என்ன நியாயம்? விவசாயிகள் தொடுத்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பிறகே, கழிவுநீர் சொட்டுகூட வெளியேறாத சுத்திகரிப்பு முறையை நடைமுறைப்படுத்தினார்கள். அதற்கான செலவு முன்பும் இருந்தது. அதை எங்கள் கிணறுகள் கட்டிக்கொண்டிருந்தன.

பனியன் கம்பெனிக்காரன்:
மறுக்க மாட்டேன், ஐயா. இப்போது சாயக் கூலியிலேயே சுத்திகரிப்புச் செலவும் சேர்கிறது. ஆனாலும், கழிவுநீரை ஆவியாக்கிய பின் மிஞ்சும் கலப்பு உப்பை அகற்றும் சிக்கல் இன்னும் முழுதாகத் தீரவில்லை.